கடைசிக் குடியிருப்புக்கு ஒன்பது கிலோமீற்றர்

சைக்கிளுக்கு, ஓடிய தூரம் காட்டுகிற அந்த மீற்றரைப் பூட்டுவதில் பிரயோசனம் இருக்கிறதா என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எங்கள் கரையில் அதைப் பூட்டிக்கொண்டு மூன்று கிழமை ஓடிய ஆள் நான் ஒருவன்தான். கேட்கிறவர்களுக்கு முதலில் நல்லதைத்தான் சொல்வேன். தண்ணீர் பட்டாலும் பழுதாகாது. உச்சி வெயிலிலும் எழுத்துத் தெரியும். ஒருதரம் சார்ச் ஏற்றினால் இரண்டு நாள் தாங்கும். மிச்சத்தைக் கேட்க அவர்களுக்குப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மீன் விற்கிறவன். முல்லைத்தீவுக் கரையில் காலமை படகுகள் வந்து மீனை ஏலம் கூறும்போது எடுத்து, சைக்கிள் கரியரில் கட்டிய வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, உள்ளூர்களுக்குக் கொண்டுபோகிறேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. மிச்சப் படிப்பெல்லாம் வீட்டு வாசல் படலைகளில் நின்று படித்ததுதான். அரைக் கிலோ சூடை மீன் நிறுத்து முடிப்பதற்குள் ஒரு வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போகும் ஒரு வார்த்தை எனக்கு அன்று முழுக்கப் போதும். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி, "அவாவுக்குக் கோவம் வந்தால் குசினியிலை சட்டி பானையே எழும்பி வழி விடும்" என்றாள். இன்னொருத்தி, கதிரையை விட்டு எழும்பாத தன் புருஷனைக் காட்டி, "இவரைப் பாத்துத்தான் எங்கட வீட்டுச் சுவர் நிக்கப் பழகினது" என்றாள். இப்படியானவற்றை மறந்துபோவேன் என்ற பயத்தில் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனையால் எழுதி வைப்பேன். மூடி நிறைந்துவிட்டால் கொப்பியில் பார்த்தெழுதிவிட்டு உரஞ்சிக் கழுவுவேன்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே கரையில் மீன் எடுத்து, ஒரே நேரம் சைக்கிள் மிதித்து, ஒரே சந்தி வரைக்கும் கதைத்துக்கொண்டு போனவன். சந்தியில் அவன் நேரே பெரிய றோட்டால் போவான். நான் வற்றாப்பளைப் பக்கம் திரும்புவேன். திரும்பும்போது அவன் ஒவ்வொரு நாளும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்துவான். "மிச்சம் நாளைக்கு. அப்பதான் நீ வருவாய்" என்பான்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் ஹோர்ன் அடிக்கிற தெருவில், ஒழுங்கையில் மற்றவன் ஹோர்ன் அடிக்கக்கூடாது. ஹோர்ன் என்றால் ரப்பர்க் குமிழை அமுக்கினால் 'பாம்' என்று கத்துகிற பழைய சாமான்தான். ஆளுக்கொரு தாளம். எனக்கு இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவனுக்கு மூன்றும் நெட்டை. குசினிக்குள் நிற்கிற பெண்கள் எட்டிப் பார்க்காமலே வந்தது யார் என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்கிற தூரம் எல்லாம் அவனவன் காணி மாதிரி.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிற கிழமை என் பக்கத்துச் சனம் மீன் தொடாது. என் பெட்டி காய்ந்து கிடக்கும். அவன் பக்கத்தில் எங்களைப் போல சிலுவை கும்பிடுகிற வேதக்காரச் சனமும் இருந்ததால் அவனுக்கு ஓரளவு ஓடும். அந்தக் கிழமை அவன் என்னைத் தன் றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். "இடப்பக்க ஒழுங்கை எல்லாம் உனக்கு. வெக்கப்படாமல் அடி மச்சான் ஹோர்னை" என்பான். பன்னிரண்டு வருஷமும் அப்படிச் செய்தான். அதையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது சரியாகாது.

என் பக்கத்தின் கடைசியில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. வயல்வெளியைக் கடந்து, ஒரு சின்னக் குளத்தின் பின்னால் பதினான்கு வீடுகள். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள். இப்போது கச்சான் கடலை போடுகிறார்கள், வயல் வேலைக்குப் போகிறார்கள். அவர்களின் பேச்சு வேறு மாதிரி. என்னை 'மீன்காரண்ணே' என்பார்கள். அங்கே போனால் பெட்டி மூடி பாதி நிறைந்துவிடும். அந்த ஒழுங்கைகளில் என் ஹோர்ன் கேட்டால் பதினான்கு படலையும் திறக்கும். அது ஒரு காலம்.

ஒன்றரை வருஷமாக அது குறைந்துகொண்டு வந்தது. படலை திறக்கும், ஆனால் கையில் சட்டி இருக்காது. "இப்பதாண்ணே வாங்கினோம்" என்பார்கள். யாரிடம் என்று கேட்டால் சிரிப்பார்கள், அல்லது உள்ளே பிள்ளை அழுகிறது என்று போய்விடுவார்கள். சந்தியில் என் கூட்டாளியிடம் சொன்னேன்.

"மோட்டச்சைக்கிளிலை பெட்டி கட்டிக்கொண்டு வாறாங்கள் மச்சான். அந்தப் பக்கத்தாலை பூந்திட்டாங்கள் போலை. எஞ்சினோடை நீ மிதிச்சு வெல்லேலுமோ?" என்றான்.

நான் நம்பினேன். வெல்ல முடியாதுதான்.

இந்த நிலைமையில்தான் என் மனைவியின் தம்பி சுவிசிலிருந்து லீவில் வந்தான். அங்கே அவன் விளையாட்டுக்கு சைக்கிள் ஓடுகிறவன். எனக்கு அது விளங்க நாள் எடுத்தது. ஒருவன் எதையும் விற்கப் போகாமல், ஆரையும் ஏற்றிக்கொண்டு போகாமல், மலை ஏறி இறங்கி வருவதற்கென்றே சைக்கிள் வாங்குவானா? அவன் தன் சாமான்களுக்குள் இருந்து நெருப்புப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு மீற்றரை எடுத்து, தடித்த ரப்பர் வளையத்தால் என் ஹாண்டிலில் பூட்டினான்.

"அத்தான், இது வானத்திலை இருக்கிற சற்றலைட்டைப் பிடிச்சு வேலை செய்யும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எத்தினை தரம் நிண்டனீங்கள், எல்லாம் சொல்லும். நான் போக இன்னும் மூண்டு கிழமை இருக்கு. ஓடிப் பாருங்கோ. உதவும் எண்டால் வச்சிருங்கோ. இல்லாட்டித் திருப்பித் தாங்கோ, நான் கொண்டு போறன்."

அதிலிருந்து அந்த மூன்று கிழமையும் இதுதான் ஊர்க் கதை. தேத்தண்ணிக் கடைக்காரர் ஹாண்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு, "எத்தினை கட்டை தூரம் ஓடினனி எண்டு உன்ர முழங்கால் சொல்லாதோ? அதுக்கேன் ஆகாசத்திலை ஆளை வைக்கிறாய்?" என்றார். ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், "நான் இருவத்தாறு வருசம் கடிதம் குடுத்தனான். தூரத்தை எண்ணியிருந்தால் ரெண்டாம் நாளே விட்டிருப்பன்" என்றார். என் மனைவி, "எத்தினை மணிக்கு வீட்டை வருவியள் எண்டு அது சொல்லுமோ? சொல்லுமெண்டால் எனக்கும் ஒண்டு வேணும்" என்றாள். கடைசிக் குடியிருப்பில் ஒரு பெண், அவளை நான் முருங்கைக்காரி என்றே எழுதுகிறேன், அவள் வீட்டு வேலி முழுக்க முருங்கை, அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேலேருந்து பாக்குமா? அப்ப மீனு நேத்து மீனா இன்னைக்கு மீனான்னும் சொல்லிருமே. ஒங்களுக்குத்தாண்ணே வம்பு."

அதை மூடியில் எழுதினேன்.

மீற்றர் எனக்குச் செய்த முதல் வேலை என் மானத்தை வாங்கியது. ஒரு நாளைக்கு முப்பது மைல் ஓடுகிறேன் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். எண்ணிச் சொன்னதில்லை, களைத்துச் சொன்னது. மீற்றர் முப்பத்திநாலு கிலோமீற்றர் என்றது. கரையில் அன்று முழுக்கச் சிரிப்பு. "மைலைக் கழுவிப் போட்டு வெட்டிப் பார்த்தால் உள்ளுக்கை கிலோமீற்றர்தானாம்" என்றான் ஒரு வலைக்காரன். என் கூட்டாளிதான் எனக்காகப் பேசினான். "மணலுக்குள்ளாலை மிதிக்கிற கிலோமீற்றரும் தார் றோட்டுக் கிலோமீற்றரும் ஒண்டோடா?" என்று அவர்கள் வாயை அடைத்தான்.

ஆனால் அதன் படத்தில் எங்கள் ஊர் சரியாக இல்லை. பெரிய றோட்டுகள் இருந்தன. குளங்கள் நீலமாக இருந்தன, வற்றிக் கிடந்தவையும். என் ஒழுங்கைகள் பாதிக்கு மேல் இல்லை. கடைசிக் குடியிருப்புக்குள் நான் நுழைந்தால் வெறும் பச்சை நிறத்தின் நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் ஊரும். அங்கே பதினான்கு வீடு இருப்பது அதற்குத் தெரியாது.

அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டுதான் நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். வயல்வெளித் தொடக்கத்திலிருந்து கடைசிக் குடியிருப்புக்குப் போய்த் திரும்ப ஒன்பது கிலோமீற்றர். அங்கே இப்போது மீன் வாங்குகிறவர்கள் மூன்று வீடு. என் கூட்டாளியிடம் மீற்றரைத் தட்டிக் காட்டினேன்.

அவன் சைக்கிளை நிறுத்தி, வெயில் படாமல் கையால் மறைத்து, நன்றாகப் பார்த்தான்.

"ஒம்பது கிலோமீற்றர், மூண்டு வீடு. மச்சான், நான் சொன்னால் நீ கேக்கமாட்டாய். மெசினே சொல்லுதே. விடு அந்தப் பக்கத்தை."

"அந்தச் சனத்தை எப்பிடி விடுறது? எவ்வளவு காலப் பழக்கம்."

"சனம் உன்னை விட்டிட்டுது. நீ என்ன இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? மிதிக்கிறதைக் குறை. மிச்சக் காலத்துக்குக் கால் வேணும்."

சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். அந்தக் கையின் பாரம் எனக்கு இப்போதும் தெரியும். அப்போது அது அன்பு என்றே பட்டது.

இரண்டாம் கிழமை முடிவில் ஒருநாள் கடைசித் தடவையாகப் போகிறேன் என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முருங்கைக்காரி மீன் வாங்கவில்லை. ஆனால் என்னைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு சொப்பிங் பை நிறைய முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தந்தபோது கண் கலங்கி இருந்தது.

"முழங்காலுக்கு நல்லெண்ணெய சூடு பண்ணிப் போடுங்கண்ணே. ரொம்ப அலையாதீங்க."

சைக்கிள் மிதிக்கிறவனைப் பார்த்து யாரும் சொல்லக்கூடியதுதானே என்று நினைத்தேன். ஆனாலும் நான் நாளைக்கு வரமாட்டேன் என்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மீற்றர் முடிவில் முப்பத்திநாலு என்று காட்டியது. அடுத்த நாளிலிருந்து இருபத்தைந்து. கால் சுகமாகத்தான் இருந்தது. பெட்டி மூடி வெறுமையாக இருந்தது.

மூன்றாம் கிழமை திங்கட்கிழமை கரையில் கூடை மாற்றும்போது கெளிறு மீனின் முள் என் பாதத்தில் ஏறிவிட்டது. பின்னேரத்துக்குள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இரண்டு நாள் மிதிக்கக்கூடாது என்றார்கள். அன்று பின்னேரமே என் கூட்டாளி வீட்டுக்கு வந்தான். வந்து என் காலைப் பார்த்து, "கெளிறு உன்னைச் சம்பலுக்குக் கேட்டிருக்குது போலை" என்று சிரிக்க வைத்தான். பிறகு, தன் சைக்கிளில் பெடல் தண்டு முறிந்துபோய்விட்டது, திருத்த இரண்டு நாள் எடுக்கும், என் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது, தருவியோ என்று கேட்டான். கேட்கவே தேவையில்லை. பெட்டி, தராசு எல்லாவற்றோடும் கொண்டு போகச் சொன்னேன்.

இரண்டு நாளும் பின்னேரம் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டான். பெட்டி கழுவித் துடைத்து இருந்தது. என் மனைவியிடம் கறிக்கென்று திரளி மீன் கொடுத்தான். மீற்றரில் மட்டும் ஒரு கறுப்புச் சொப்பிங் பையை இறுக்கிச் சுற்றி முடிந்திருந்தான்.

"இதென்ன?" என்றேன்.

"மழை வரும்போலை கிடந்துது மச்சான். பெரிய விலைச் சாமான், பழுதாய்ப் போனால் உன்ர மச்சினன் என்னைத் தின்னுவான்."

"எந்தப் பக்கம் போனனி?"

"எங்கை போறது? என்ர பக்கந்தான். உன்ர பக்கம் எனக்கென்ன வேலை? உன்ர சனம் ரெண்டு நாள் மீனில்லாமல் கிடந்து உன்னை நினைக்கட்டும்."

அந்தப் பதிலில் எனக்குப் பெருமைகூட வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், பயணத்துக்குச் சாமான் அடுக்கத் தொடங்கிய மச்சினன் என்னைக் கூப்பிட்டான். மீற்றரில் பதிந்ததை எல்லாம் தன் ஃபோனுக்கு எடுத்து, மூன்று கிழமையையும் ஒரே படத்தில் போட்டிருந்தான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம். நின்ற இடங்களில் புள்ளி. சந்தி, வற்றாப்பளை றோட்டு, ஒழுங்கைகள். என் வாழ்க்கையை ஒருவன் மேலே நின்று கலர்ப் பென்சிலால் கீறியது போல் இருந்தது. மனைவியும் குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், ரெண்டாம் கிழமையோடை இந்தக் கடைசிப் பக்கத்தை விட்டிட்டீங்கள் என்ன? பிறகேன் இந்தக் கிழமை ரெண்டு நாள் மட்டும் அங்கை போனனீங்கள்?"

"எந்த ரெண்டு நாள்?"

"செவ்வாயும் புதனும்."

செவ்வாயும் புதனும் நான் கட்டிலில் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். அதை அவனும் கண்டவன்தான். சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். சிவப்புக் கோடு செவ்வாய். ஊதாக் கோடு புதன். இரண்டும் கரையிலிருந்து புறப்பட்டு, சந்தியில் நேரே பெரிய றோட்டால் கொஞ்சத் தூரம் போய், பிறகு பற்றைக் காட்டுக்குள்ளால் உள்ள வண்டிப் பாதையில் இறங்கி, குளக்கட்டால் ஏறி, கடைசிக் குடியிருப்புக்குள் பின்பக்கத்தால் நுழைந்தன. நான் முன்பக்க வீடுகளை முடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்கு ஒன்றரை மணித்தியாலம் முந்திய நேரத்தில். பதினொரு புள்ளி.

என்னை விழுத்தியது புள்ளிகள் இல்லை, கோடு. தெரியாத இடத்துக்குப் போகிறவனின் கோடு அப்படி இருக்காது. முட்டுச் சந்துக்குள் போய்த் திரும்பும், ஒரே ஒழுங்கையில் இரண்டு தரம் வரும், இடம் கேட்க நிற்கும். நான் முதன்முதல் அங்கே போன நாளில் மீற்றர் இருந்திருந்தால் கோழி கிளறினது மாதிரி இருந்திருக்கும். இந்த இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. எங்கேயும் தடுமாறவில்லை. என்னிடம் விடாமல் மீன் வாங்கின மூன்று வீடுகளின் வாசலில் மட்டும் நிற்காமல் போயின.

மனைவிதான் முதலில் பேசினாள்.

"பையாலை மூடினால் அதுக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சிருக்கிறார்."

அவளுடைய பகிடிகளில் இது ஒன்றை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.

வீங்கிய காலோடு வெள்ளிக்கிழமை போனேன். வெள்ளியில் அங்கே யாரும் மீன் சமைப்பதில்லை, அதனால் பெட்டி இல்லாமல் போனேன். முருங்கைக்காரி கச்சான் ஆய்ந்துகொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழும்பினாள்.

"என்னண்ணே இது, முடியாத காலோட! அவருதான் வர்றாரே."

"எவர்?"

"ஒங்க கூட்டாளிதான்."

"எத்தினை நாளாய் வாறார் தங்கச்சி?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கச்சான் கொத்தைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் கச்சான் போட்டதுக்கு முன்னாடியேண்ணே. ஒங்களுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு, டாக்டரு மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு, கொஞ்சங் கொஞ்சமா விடப் போறீங்கன்னாரு. நீங்கதான் அனுப்புனீங்கன்னாரு. ஒங்ககிட்ட மட்டும் பேச்செடுக்க வேணாம், மனசு ஒடஞ்சு போவீங்கன்னு சொன்னாரு. நாங்களும் பாவம்னு..."

"அதுதான் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"ஒங்க மேல உள்ள பிரியத்துலதாண்ணே சொல்லல."

இதை நான் என்ன செய்வது? மோட்டச்சைக்கிள்காரன் வந்தான் என்றால் கோபப்பட்டிருப்பேன். சனம் என்னை வெறுத்தது என்றால் அழுதிருப்பேன். பதினொரு வீடும் என்மேல் வைத்த அன்பைக் கொண்டே அவர்களின் வாயைக் கட்டியிருக்கிறான்.

"அந்த ரெண்டு நாளும் ஒங்க சைக்கிள்லயே வந்தாருங்களா, நாங்க சந்தோசப்பட்டோம். பெட்டி மூடியில நீங்க எழுதி வச்சிருக்கிறதெல்லாம் படிச்சுக் காமிச்சாரு. நான் சொன்னதும் இருந்துச்சு. ஒரே சிரிப்பு."

நான் திரும்பி வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலமை கரையில் ஏலம் முடிந்த இடத்தில் அவனைப் பிடித்தேன். சத்தம் போட வேண்டும் என்று போகவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கத்தான் போனேன். ஏதாவது ஒரு நியாயம் சொல்வான், அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று ஒரு ஆசை உள்ளுக்குள் இருந்தது.

"குளத்துக்குப் பின்னாலை எவ்வளவு காலமாய்ப் போறாய்?"

அவன் ஐஸை நொறுக்கிக்கொண்டே இருந்தான். மறுக்கவில்லை.

"உன்ர ஒழுங்கையிலை நான் ஒருநாள் ஹோர்ன் அடிச்சனானோ? போய்க் கேள். ஆரையும் கேள்."

சுற்றி நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னது உண்மை. அவன் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒன்றரை வருஷமும் சத்தமில்லாமல் போய், படலையில் மெல்லக் கூப்பிட்டு விற்றிருக்கிறான். எங்கள் சட்டத்தை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறான்.

"என்ர முழங்காலுக்கு என்ன?" என்று கேட்டேன்.

அவன் நொறுக்கிய ஐஸை அள்ளிப் பெட்டிக்குள் போட்டான்.

"மீற்றருக்கு ஏன் பையைச் சுத்தினனி?"

"அதுதான் சொன்னனே. மழை வரும்போலை கிடந்துது."

பக்கத்தில் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த அந்த வலைக்காரன் தலையை நிமிர்த்தினான். என்னுடைய மைல்களைச் சொல்லிச் சிரித்தவன் அவன்தான்.

"மழையோ? செவ்வாய்க்கிழமையோ?"

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அங்கே நின்ற எல்லோரும் விடிய எழும்பினதும் முதல் பார்க்கிறது வானத்தைத்தான். அதைப் பார்த்துத்தான் உயிரைக் கொண்டுபோய்க் கடலில் விடுகிறார்கள். இரண்டு கிழமையாக ஒரு முகில் இல்லை. கரையில் நின்றுகொண்டு ஒருவன் மழையைப் பற்றிப் பொய் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். என் ஒழுங்கையை அவன் எடுத்தது அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்காது. இது பட்டது. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனான். சந்தி வரைக்கும் நான் பின்னால் போகவில்லை. பாதியில் நிறுத்திய கதை ஒன்று எனக்கு மிச்சம் கிடக்கிறது. யாரோ ஒருத்தியின் ஆடு ஆஸ்பத்திரிக்குள் போன கதை. அது எப்படி வெளியே வந்தது என்று எனக்கு இனித் தெரியவராது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வர, மச்சினனை ஏற்ற வான் வண்டி வந்து நின்றது. மச்சினன் பைகளை ஏற்றிவிட்டு என் சைக்கிளருகே வந்தான்.

"அத்தான், என்ன முடிவு? வச்சிருங்கோவன். உங்களுக்கு உதவினதுதானே."

உதவியது. அதில் ஒரு பிழையும் இல்லை. போன இடத்தைப் போன இடம் என்றுதான் சொன்னது. பையால் மூடியும் சொன்னது. ஆனால் என் மனதில் ஓடியது வேறு. இனி நான் இதைப் பூட்டினால் என் தூரத்தைப் பார்ப்பதற்காகப் பூட்டமாட்டேன். யாருக்காவது சைக்கிளைக் கொடுத்தால், திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவன் போன கோட்டைத்தான் பார்ப்பேன். வேண்டுமென்றே கொடுத்தும் பார்ப்பேன். ரப்பர் வளையத்தைக் கழற்றி மீற்றரை அவன் கையில் வைத்தேன்.

"நல்ல சாமான் தம்பி. எனக்கு வேண்டாம்."

வான் போன பிறகு மனைவி, "என்னட்டைக் கேட்டிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பன்" என்றாள்.

திங்கட்கிழமை காலமை சந்தியில் திரும்பி, முன்பக்க வீடுகள் எதிலும் நிற்காமல், நேரே கடைசிக் குடியிருப்புக்கு மிதித்தேன். இனி அங்கிருந்துதான் தொடங்குவது என்று முடிவு. குளக்கட்டுக்குக் கீழே மணலில் சைக்கிள் தடம் இருக்கிறதா என்று கண் தானாகப் பார்த்தது. பழைய தடங்கள்தான். பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. இப்போதும் முடிவதில்லை. ஒருத்தி மெய்யாகவே "இன்னைக்குக் கறி வேணாண்ணே" என்றாலும் என் கண் அவள் படலை மண்ணுக்குப் போய்விடுகிறது. மீற்றரைக் கழற்றிக் கொடுத்தது மாதிரி இதைக் கழற்ற எனக்குத் தெரியவில்லை.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடித்தேன். படலைகள் திறந்தன. ஒன்பது வீடு சட்டியோடு வந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. தேவைக்கு மேல் வாங்கினார்கள். யாரும் பகிடி விடவில்லை. நான் ஒரு பகிடி சொன்னபோது சட்டென்று எல்லோரும் சிரித்தார்கள், அதிகமாகச் சிரித்தார்கள். பெட்டி மூடியில் எழுத அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

முருங்கைக்காரியின் படலை மட்டும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது. கதவுத் துணி அசைந்தது, அதன் கீழே அவள் கால் தெரிந்தது. நல்ல திரளியாக மூன்று அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மறுபடி ஹோர்ன் அடித்தேன். துணிக்குப் பின்னால் அந்தக் கால் ஓரடி பின்னுக்குப் போனது.

மீன் விற்கிறவன் ஒரு படலையில் நிற்கக்கூடிய நேரத்தை விட நெடுநேரம் அங்கே நின்றேன். மீற்றர் இருந்திருந்தால் அந்த வேலியருகே இன்னொரு புள்ளியைப் போட்டிருக்கும்.